பாகாயம் பஸ் ஏறுமுன்

வேலூர்ப் பக்கம் "ஆட்டிசம் குழந்தைக்குப் பெற்றோர் பயிற்சி எங்கே கொடுக்கறாங்க?" என்று யாரைக் கேட்டாலும் விரல் பாகாயம் பக்கம்தான் நீளும். சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருப்பது அங்கே. அதன் குழந்தைகள் மனநலப் பிரிவைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளோடு பெற்றோர் வந்து தங்கிக் கற்றுக்கொள்ளும் 12 வாரப் பயிற்சி நடக்கிறது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது அந்த வளாகத்துக்குப் புதிதல்ல. மனநோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல் உறவினரையும் சேர்த்துத் தங்கவைக்கும் வழக்கம் அங்கே 1950களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

"மூணு மாசம் சேர்த்துட்டா பையன் பேசிடுவானா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். இந்தக் கேள்வியோடு வந்தால் முதல் மாதம் வீண். அங்கே மாணவர் நீங்கள்தான். பையன் உங்கள் பாடப்புத்தகம். அவனோடு குளிக்கும்போது, சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது உங்கள் கையும் வாயும் என்ன செய்கின்றன என்பதைத்தான் ஒருவர் பார்த்துத் திருத்தப்போகிறார்.

எந்தப் பயிற்சியையும் எடைபோட எங்களிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. உங்கள் குழந்தையோடு நீங்கள் செய்வதை யாராவது பார்த்தார்களா? பார்த்ததும் அங்கேயே திருத்தினார்களா? இரண்டு நாள் மண்டபத்தில் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, சான்றிதழும் சாம்பார் சாதமும் கொடுத்து அனுப்பினால் அது சொற்பொழிவு. கேட்டுவிட்டு வரலாம், தப்பில்லை. பயிற்சி என்றால் மூன்று நடக்க வேண்டும்: அவர் செய்து காட்டுவார், நீங்கள் உங்கள் பிள்ளையோடு செய்வீர்கள், அவர் உங்களைத் திருத்துவார். மூன்றாவது இல்லாத இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தி, முக்கால் மணி நேரம் கழித்து "இன்னிக்கு நல்லா உட்கார்ந்தான்" என்று திருப்பிக் கொடுக்கும் தெரபி வகுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும்.

உலகம் முழுக்க நிலைத்து நிற்கும் திட்டங்களின் உள்ளே பார்த்தாலும் இதுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் உருவான 'பேக்ட்' முறையில், அம்மாவும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, அம்மாவும் தெரபிஸ்ட்டும் சேர்ந்து பார்ப்பார்கள். 'இங்கே நீங்க ஒரு நொடி காத்திருந்தீங்க, அவன் திரும்பிப் பார்த்தான்' என்று, சரியாகப் போன இடத்தில் நிறுத்திக் காட்டுவதுதான் அதன் உயிர். அதையே நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 'பாஸ்' என்பது அதன் பெயர். 8 மாதத்தில் 12 அமர்வு. நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். 2016-ல் முடிவு வெளியானது. பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது நன்றாகக் கூடியது. குழந்தை தானாக முன்வந்து அம்மாவிடம் எதையாவது தெரிவிப்பதும் கூடியது. ஆனால் இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்தே போனது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியில் முதலில் மாறுவது பெற்றோர். அதைத் தொட்டுக்கொண்டு குழந்தை உங்களோடு தொடர்புகொள்ளும் விதம் மாறும். ஆட்டிசத்தின் மற்ற அடையாளங்கள் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. வேறு மாதிரி வாக்குக் கொடுப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பத்துக்கானது. 9 குழு வகுப்பு, 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. அதில் சேர 'ஆட்டிசம்' என்று எழுதிய சீட்டு வேண்டியதில்லை, வளர்ச்சியில் தாமதம் இருந்தால் போதும். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு' என்று ஒரு வருடமும், 'முதல்ல கன்ஃபார்ம் ஆகட்டும்' என்று இன்னொரு வருடமும் போய்விடுகின்றன. 16 முதல் 30 மாதக் குழந்தைக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று அம்மாவே பதில் சொல்லிவிடலாம். ஆட்டிசம் இருக்கலாம் என்று அது காட்டினால், டாக்டர் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லும் வரை காத்திருக்காமல் கீழே சொல்லும் வேலைகளை அன்றைக்கே தொடங்கலாம். ஆட்டிசம் இல்லை என்று பிறகு தெரியவந்தாலும் இதில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

இனி, யார் போவது? இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. பகல் முழுக்கக் குழந்தை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். அம்மா மூன்று மாதம் சம்பளம் இழந்து, தங்கி, எல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி வேலைக்குப் போய்விடுகிறாள். ஆயா பழையபடி மடியில் போட்டு, போனைக் காட்டி ஊட்டுகிறார். குழந்தை விழித்திருக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, எத்தனை மணி நேரம் யார் கையில் என்று கூட்டிப் பாருங்கள். அதிக மணி நேரம் யாருக்கு வருகிறதோ அவர்தான் போக வேண்டும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. தாளில் கோடு போடத் தெரிந்தால் போதும். அப்பா கடைசி இரண்டு வாரமாவது வர வேண்டும். வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. அவர் கையையும் திருத்த வேண்டும்.

12 வாரம் தங்க வழியில்லாதவர்களுக்கு வாராந்திர வகுப்பு இன்னொரு வழி. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வரும்போது குழந்தையைக் காட்டலாம். அவர்கள் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வேலூர்க்காரர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 2019-ல் மாவட்டம் மூன்றானதால், திருப்பத்தூர், ராணிப்பேட்டைக்காரர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலைக்கு இப்போது தத்தம் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பழைய நினைப்பில் வேலூர் வந்து திரும்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை. காது கேட்கும் சோதனை ரிப்போர்ட் முதலில். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது சரியா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒன்றரை, இரண்டு நிமிட வீடியோ மூன்று: சாப்பிடும்போது ஒன்று, தனியாக விளையாடும்போது ஒன்று, அடம் பிடிக்கும்போது ஒன்று. டாக்டர் அறையில் குழந்தை வீட்டில் இருப்பது போல இருக்க மாட்டான், அதனால்தான் இது. மூன்று நாள் குறிப்பு: எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், மலம் போனானா. அப்புறம் அவன் வழக்கமாகச் சாப்பிடும் தட்டு, டம்ளர், போர்வை. புது இடம், புது வாசனை, புதுத் தட்டு எல்லாம் சேர்ந்தால் முதல் வாரம் சாப்பாடே இறங்காது.

சேர்ந்ததும் "என்ன எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்பார்கள். "பேசணும்" என்பது பதில் அல்ல. எண்ணிப் பார்க்க முடிகிறதைச் சொல்ல வேண்டும். 'சாப்பிடும்போது தண்ணி வேணும்னா டம்ளரைக் காட்டணும், இல்லேன்னா ஏதாவது சத்தம் கொடுக்கணும். பத்து தடவையில எட்டு தடவை.' இந்த மாதிரி ஒரே நேரத்தில் மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். ஒன்று தனக்கு வேண்டியதைக் கேட்பது பற்றி, ஒன்று தன் வேலையைத் தானே செய்வது பற்றி, ஒன்று வீட்டை அதிகம் ஆட்டிவைக்கும் பழக்கம் பற்றி என்று வைத்துக்கொள்வது நல்லது.

கேட்கக் கற்றுக்கொடுப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. வேண்டியது ஒரு கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. மூடி அவனால் திறக்க முடியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே பொரி. குழந்தை சின்ன முக்காலியில், நீங்கள் எதிரே தரையில், உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராகவோ கொஞ்சம் கீழேயோ. முதல் இரண்டு பொரியைச் சும்மா கொடுங்கள். மூடியைப் போடுங்கள். டப்பாவை உங்கள் கன்னத்தருகே தூக்கிப் பிடியுங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வாய் திறக்கக் கூடாது. அவன் உங்களைப் பார்த்தாலும், டப்பாவை உங்கள் பக்கம் தள்ளினாலும், கை நீட்டினாலும், 'ப்' என்றாலும் அது கேட்டதுதான். ஒரு நொடிக்குள் "பொரி!" என்று சொல்லி ஒன்றிரண்டைக் கையில் வையுங்கள். கைப்பிடி நிறையக் கொடுத்தால் அடுத்த முறை கேட்க அவனுக்கு அவசியமே இருக்காது.

ஐந்து எண்ணியும் எதுவும் வரவில்லையா? உங்கள் உள்ளங்கையை நீட்டிக் காட்டி இன்னும் ஐந்து. அதற்கும் இல்லையென்றால் அவன் கையைப் பிடித்து டப்பாவைத் தொடவைத்து, "பொரி" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஆக மொத்தம் பதினைந்து நொடி. அவன் அழும் வரை பிடித்து வைப்பது இந்த முறையை நாசமாக்கும் முதல் தவறு. அழுதால்தான் பொரி வரும் என்று நீங்களே பாடம் எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது தவறு, பக்கத்திலிருந்து "பாவம்டி, குடுத்துடேன்" என்று நீளும் மூன்றாவது கை. மூன்றாவது தவறு எல்லோர் வீட்டிலும் உண்டு: ஐந்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் "என்ன வேணும்? சொல்லு. பொரி சொல்லு. சொல்லுடா கண்ணு" என்று அடுக்குவது. பத்து முறை ஆனதும், அவனுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே, டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த 'சொல்லு' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தை "பொரி சொல்லு" என்றுதான் கேட்கும். தப்பு அவனுடையது அல்ல. நாம் கொடுத்த சொல் அது. அதே போல, "தண்ணி வேணுமா?" என்று தினமும் கேட்டுக் கேட்டு ஊற்றிக் கொடுத்தால், தாகம் எடுக்கும்போது அவன் "தண்ணி வேணுமா" என்பான். நம் மொழியில் கேள்வி கடைசியில் ஒட்டும் ஒற்றை 'ஆ'வில்தான் இருக்கிறது, அவனுக்கு அது வார்த்தையின் ஒரு பகுதி. அதனால் அவன் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே, அவன் வாயாக நின்று சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." இன்னும் ஒரு வார்த்தையும் வராத குழந்தைக்கு "தண்ணி" மட்டும். அவன் இருக்கும் படிக்கு ஒரு படி மேலே, அதற்கு மேல் போகக் கூடாது. 'வேணும்', 'வேணாம்' இரண்டும் காதுக்கு ஒன்று போலவே விழுவதால், மறுப்பதற்கு 'போதும்' என்ற சொல்லை முதலில் கொடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கூடவே கையால் தள்ளும் சைகையும்.

எந்த மொழியில் பேசுவது? வீட்டில் எது இயல்போ அதில். பேரணாம்பட்டு வீட்டில் உருது, குடியாத்தம் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்றிருந்தால் இருக்கட்டும். இரண்டு மொழி கேட்பது ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டு மொழியை விட்டுவிட்டு ஸ்கூலுக்காக அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவதுதான் நஷ்டம், ஏனென்றால் கொஞ்சுவதற்கும் அதட்டுவதற்கும் அந்த அம்மாவிடம் அதில் வார்த்தை கிடையாது. படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம், அப்படி ஆவதில்லை. ஆனால் படம் உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் போட்டோவாக இருக்கட்டும். நெட்டில் எடுத்த கண்ணாடிக் கோப்பை அவனுக்கு வேறு பொருள்.

உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துகிறானா? 'என் கையை ஒரு கரண்டி மாதிரி யூஸ் பண்றான்' என்று சிலர் மனம் நோகிறார்கள். அதுவும் கேட்பதுதான். நின்று, குனிந்து, அவன் விரலை மடித்துச் சுட்டுவிரலாக்கி அந்தப் பொருளைக் காட்டவைத்து, எடுத்துக் கொடுங்கள். இழுத்த கையைச் சுட்டும் கையாக மாற்றுவது, புதிதாகச் சுட்டக் கற்றுக்கொடுப்பதை விடச் சுலபம்.

இரண்டாவது இலக்குக்கு டவுசர் போடுவதை எடுத்துக்கொள்வோம். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு வேளை குளியல், நனைந்தால் ஒரு மாற்று என்று நாளைக்கு மூன்று வாய்ப்பு தானாகவே கிடைக்கிறது. பட்டன் இல்லாத, ஒரு சைஸ் பெரிய, இடுப்பில் தளர்வான எலாஸ்டிக் டவுசர் வாங்குங்கள். வேலையை ஆறாகப் பிரிக்கலாம்: முன்பக்கம் பார்த்து விரிப்பது, ஒரு கால், மறு கால், முட்டி வரை இழுப்பது, தொடை வரை இழுப்பது, இடுப்புக்கு ஏற்றுவது. கற்றுக்கொடுப்பது கடைசியிலிருந்து. முதல் ஐந்தையும் நீங்கள் செய்து, டவுசரைப் பிட்டத்துக்குக் கீழே நிறுத்தி, கடைசி இழுப்பை மட்டும் அவனுக்கு விடுங்கள். வேலை முடிந்தது அவன் கையால் என்பதால் பாராட்டும் அப்போதே அவனுக்கு வரும். மூன்று நாள் தொடர்ந்து தானே ஏற்றினால் தொடையிலிருந்து தொடங்குங்கள்.

எங்கே சிக்கும் என்றால் பின்பக்கம். குழந்தை இரண்டு கையாலும் முன்னால் மட்டுமே இழுப்பான், பின்னால் பிட்டத்தில் மாட்டிக்கொள்ளும், எரிச்சலாகி விட்டுவிடுவான். கட்டை விரல் இரண்டும் எலாஸ்டிக்குக்கு உள்ளே, ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் என்று பிடிக்க வையுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது அவன் முதுகுக்குப் பின்னால். முன்னால் நின்றால் உங்கள் கை எதிர்த்திசையில் வேலை செய்யும், அவனும் டவுசரை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். வாயைத் திறக்காதீர்கள். கையால் செய்யும் உதவியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே மேலே நகர்த்திக் குறைத்துவிடலாம். "போடு, போடு, இழு" என்ற வாய் உதவியைக் குறைப்பதுதான் கஷ்டம். எட்டு வயதிலும் அம்மா "இழு" என்று சொல்லும் வரை டவுசரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் இதிலிருந்துதான் உருவாகிறார்கள்.

மூன்றாவது, அடம். கடித்தல், தலையை முட்டுதல், தரையில் விழுதல் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி வலி இருக்கிறதா என்பது. பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிடுங்கள், முக்கியமாகத் திடீரென்று தொடங்கியிருந்தால். அப்புறம் ஐந்து நாள் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்கப்புறம் நாம் என்ன செய்தோம். 'காரணமே இல்லாம கத்தறான்' என்பது ஐந்தாம் நாள் பெரும்பாலும் காணாமல் போகும். ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையிலிருந்து தப்ப வேண்டும், யாராவது கவனிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்குச் சுகமாக இருக்கிறது. இந்த நான்கில் எதுவென்று தெரியாமல் 'கண்டுக்காதீங்க' என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். வேலையிலிருந்து தப்பக் கத்தும் குழந்தையைக் கண்டுக்காமல் விட்டால், அவன் கேட்டது அதைத்தானே.

போன் இல்லாமல் சாப்பிடாத குழந்தைதான் இன்றைக்கு வீட்டுக்கு வீடு. ஒரே நாளில் பிடுங்கினால் இரண்டு வேளை பட்டினி கிடப்பான், மூன்றாம் வேளை ஆயா கொடுத்துவிடுவார். அதன் பாடம்: மூன்று வேளை அழுதால் வரும். எப்போதாவது ஒரு முறை பலித்த அழுகை, எப்போதும் பலிக்கும் அழுகையை விடப் பிடிவாதமானது. அதனால் படியாகப் போக வேண்டும். முதல் மூன்று வாய் போன் இல்லாமல், பிறகு போன். ஒவ்வொரு கவளமும் சின்னதாக, அவனுக்கு மிகவும் பிடித்த சாப்பாடாக இருக்கட்டும். மூன்று முடியாவிட்டால் ஒன்று. இரண்டு நாள் அழாமல் போனால் ஐந்து, அப்புறம் எட்டு, பத்து. கடைசியில் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் போன் என்று வந்து நிற்கும். எத்தனை வாய் ஆனது என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டுங்கள், முடிவு கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருப்பது எளிது. தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கத்தல் முன்பை விட அதிகமாகும். அது எதிர்பார்த்ததுதான், அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். பண்டிகை வாரத்திலோ விருந்தாளி இருக்கும்போதோ இதைத் தொடங்காதீர்கள்.

பெற்றோரின் மனசும் பயிற்சியின் ஒரு பகுதிதான். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை வைத்து வேலூரில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. 10 வாரம் குழுவாக உட்கார்ந்து பேசிக் கற்ற பெற்றோரிடம் குழந்தையைப் பற்றிய மனப்பாங்கு நல்லபடியாக மாறியிருந்தது. குழு வகுப்பைச் சிலர் 'மத்தவங்க கதை எனக்கெதுக்கு' என்று தவிர்க்கிறார்கள். தவிர்க்காதீர்கள். அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதைக் குழந்தையின் டாக்டரிடமே சொல்லுங்கள். மனநல மையத்துக்குள் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கப்படுவதில் அர்த்தமில்லை.

காகித வேலை சுருக்கமாக. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே இடம்பெறுகிறது. அளவிடுவது 'ஐசா' என்ற 40 கேள்வி அளவுகோலால். 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இந்த எண் சான்றிதழுக்கானது. பையன் என்ன கற்றுக்கொள்வான் என்பதை அது சொல்லாது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் சேர்த்து.

ஸ்டெம்செல் ஊசி என்று விளம்பரம் வரும். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. தறியை விற்று அதற்குப் போகாதீர்கள்.

கடைசியாக, ஊர் திரும்புவது. 12 வாரத்தில் கற்றது ஊர் திரும்பியதும் கரைவதற்கு ஒரு பெரிய காரணம் இடம் மாறுவதுதான். அங்கே தனி அறை, ஒரே ஆள், சின்ன மேஜை. இங்கே ஒற்றை அறை, டிவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பாகாயத்தில் 'தண்ணி' சொன்னவன் வீட்டில் சொல்லமாட்டான், மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவனுக்கு அந்தச் சொல் அந்த மேஜையோடு சேர்ந்தது. அதனால் கடைசி மூன்று வாரம், கற்றதை அறைக்கு வெளியே செய்யவைக்கச் சொல்லிக் கேளுங்கள்: வராந்தாவில், டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், அப்பா கையில். கிளம்பும்போது நான்கு விஷயம் வாங்காமல் வராதீர்கள். மூன்று இலக்குக்கு மேல் இல்லாத வீட்டுத் திட்டம், எழுத்தில். ஒவ்வொன்றிலும் அடுத்த படி என்ன என்பது. நீங்கள் சரியாகச் செய்யும்போது எடுத்த வீடியோ. மறுபடி வந்து காட்ட வேண்டிய தேதி.

வீட்டில் தனி நேரம் ஒதுக்கி டியூஷன் மாதிரி உட்காரவைக்க வேண்டாம், ஒரு வாரத்தில் நின்றுவிடும். இருக்கும் வேலையோடு ஒட்டுங்கள்: காலை இட்லியோடு கேட்பது, குளியலோடு டவுசர், இரவுச் சோற்றோடு போனைக் குறைப்பது. முதல் வாரம் ஒன்று மட்டும். அங்கன்வாடி டீச்சரிடம் எல்லாக் கதையும் சொல்லாமல் இரண்டே இரண்டு சொல்லுங்கள்: கேட்டுவிட்டு ஐந்து எண்ணுங்கள், தண்ணி வேண்டுமென்றால் இந்த டம்ளர் போட்டோவைக் காட்டுவான்.

கணக்கு எழுத நோட்டு வாங்காதீர்கள், மூன்றாம் நாள் அது தொலைந்துவிடும். சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு: தானே கேட்டால் நிற்கும் கோடு, உதவியோடு என்றால் படுக்கைக் கோடு. ஆயாவும் போடலாம். இரவில் நிற்கும் கோட்டை எண்ணி, பத்துக்கு எத்தனை என்று எழுதி ஆணியில் குத்திவிடுங்கள். மூன்று தாளில் தொடர்ந்து எட்டோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த படி. ஐந்து தாளில் தொடர்ந்து ஐந்துக்குக் கீழே என்றால் படி பெரிதாக இருக்கிறது, பாதியாக வெட்டுங்கள். வெட்டியும் நகரவில்லை என்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து, அந்தத் தாள்களோடு எடுத்துக்கொண்டு சொன்ன தேதிக்கு முன்னாலேயே பஸ் ஏறுங்கள்.